என் பெயரைப் போட்டுக்கொண்டு போனவன்

7.3.82, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. ஈப்போவில் எங்கள் புந்தோங் முழுக்கச் சேறு. புது வருஷத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தார்கள் அல்லவா, அதிலிருந்து காலை ஏழுக்கும் இருட்டு. யாருக்கு என்ன லாபமோ.

செய்ய வேண்டியது: சமையலறைக் கூரை ஒழுகல். ருக்மணியின் மூக்குக்கண்ணாடி. டோபியிடம் மூன்று சட்டை, ஒன்றில் பொத்தான் இல்லை, சண்டை போட வேண்டும்.

மகன் செல்வன் சீமைப் பட்டாளத்திலிருந்து அனுப்பிய படம் நேற்று வந்தது. அவன் அம்மா ருக்மணி தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். இன்றுதான் என் கைக்குக் கிடைத்தது. பச்சை உடுப்பு, தொப்பி ஒரு பக்கம் சாய்ந்து, பின்னால் பனி. இளைத்திருக்கிறான், ஆனால் நிமிர்ந்து நிற்கிறான். சிரிப்பில் பல் வரிசையாகத் தெரிகிறது. பட்டாளத்துப் பல் வைத்தியர் சரி செய்தாராம். பன்னிரண்டு வயதிலிருந்து கோணிக்கொண்டிருந்த பல். நான் செய்திருக்க வேண்டியது. அந்த முகம் தெரியாத வைத்தியருக்கு நன்றி.

நெஞ்சில் ஒரு துணிப் பட்டை. அதில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில்: பிச்சை.

கடிதத்தில் எழுதியிருக்கிறான்: "அப்பா, இங்கே என் பெயரை யாரும் கூப்பிடுவதில்லை. எல்லாரும் உங்கள் பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள். சார்ஜெண்ட் தினமும் காலையில் உங்களைத்தான் திட்டுகிறார்."

வேடிக்கையாக எழுதியிருக்கிறான். எனக்கு வேடிக்கையாக இல்லை.

நம் அடையாள அட்டையில், ஐ.சி.யில், "வெற்றிச்செல்வன் ஆனாக் லெலாக்கி பிச்சை". பிச்சையின் மகன் வெற்றிச்செல்வன். வெள்ளைக்காரனுக்குக் கடைசியில் வருவதுதான் குடும்பப் பெயர். அதனால் மகனைத் தள்ளிவிட்டு அப்பனை எடுத்துக்கொண்டார்கள். நான் இரண்டு மாதம் யோசித்து, ரப்பர் தோட்டத்தில் யாருக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்று தேடி வைத்த பெயர் போயிற்று. எந்தப் பெயர் என்னோடு முடியட்டும் என்று இருந்தேனோ அது சீமையில் அணிவகுப்பில் நடக்கிறது.

8.3.82, திங்கள்

மழை விட்டது. கூரைக்கு ஆள் வரவில்லை.

யாரும் படிக்கப் போவதில்லை, எழுதி வைக்கிறேன். இந்தப் பெயரால் பட்டது:

(1) ஆங்கிலப் பள்ளியில் முதல் நாள். தமிழ்ப் பையன் ஒருவன் வாத்தியாருக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்தான். அதன் பிறகு நான்கு வருஷம் வாத்தியார் என்னைக் கூப்பிடும்போதெல்லாம் கை நீட்டிக் காட்டுவார்.

(2) சிலிம் ரிவர் தோட்டத்தில் இருபத்தாறு வருஷம் கிராணி, கணக்கெழுதும் வேலை. கணக்கில் ஒரு பிழை இல்லை. பெரிய கிராணி ஆகவில்லை. மானேஜருக்கும் யாரோ அர்த்தம் சொல்லிவிட்டிருந்தார்கள்.

(3) மச்சான் ராஜமாணிக்கம். ரு.வின் அண்ணன். எங்கள் கல்யாணப் பந்தலில், நான் கேட்கும் தூரத்தில்: "எல்லாரும் பிச்சைக்குக் காசு போடுவாங்க, நாங்க பொண்ணையே போட்டுட்டோம்லா." சிரித்தவர்கள் ஒவ்வொருவர் முகமும் நினைவிருக்கிறது. பிறகு 76-இல் அவர் மகள் கல்யாணம். பத்திரிகையில் எல்லாத் தங்கைமார்களும் புருஷன் பெயரோடு. ரு. மட்டும் "திருமதி ருக்மணி குடும்பத்தினர்". சம்பந்தி வீட்டார் பெரிய இடம், சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டாராம். அன்றிலிருந்து அவர் மளிகைக் கடை வாசலை மிதிக்கவில்லை. இப்போதைய வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். உப்பு வாங்கக்கூட சுற்றிப் போவேன்.

பெயரை மாற்றிக்கொள்ள எனக்கு வழி தெரியாமல் இல்லை. இப்போது வேலை பார்க்கும் வக்கீல் அலுவலகத்தில் வாரத்துக்குக் குறைந்தது இரண்டு பெயர் மாற்றப் பத்திரம் தட்டச்சு செய்கிறேன். மாற்றினால் சிரித்தவன் ஜெயித்ததாக ஆகும். அதனால் மாற்றவில்லை. ஆனால் செல்வன் ஏன் சுமக்க வேண்டும்?

10.3.82, புதன்

செல்வனுக்கான பத்திரம் தயார். இன்று முதல் குடும்பப் பெயர் "வெற்றிச்செல்வன்", பிச்சை என்பது எந்தப் பதிவிலும் வராது என்று. மதிய உணவு நேரத்தில் அலுவலகத் தட்டச்சில் அடித்தேன். வக்கீல் லிம் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வரியைத் திருத்தி, "அங்கே ஒரு சொலிசிட்டர் முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும்" என்றார். நல்ல மனிதர். இரண்டரை வருஷத்தில் ஒரு தடவைகூட என் பெயரை முகம் கோணிச் சொன்னதில்லை. ஹக்கா சீன வாய்க்கு அது வெறும் சத்தம். அதுவே எனக்குப் பெரிய உபகாரம்.

விமானத் தபாலில் போட்டாயிற்று. ரு.விடம் சொல்லவில்லை.

டோபி பொத்தான் தைத்துக் கொடுத்தான். நிறம் வேறு.

4.4.82, ஞாயிறு

பக்கத்து வீட்டு ஆ சோங் வேலிக்கு மேல் தலை நீட்டி, "பிச்சை, யோர் சன் கோ வார் ஆ?" என்றான். எங்கோ தென் கடலில், உலகத்தின் அடியில், வெள்ளைக்காரன் தீவு ஒன்றை அர்ஜெண்டினா பிடித்துக்கொண்டதாம். வரைபடத்தில் தேடினேன். செல்வன் பள்ளிக்கூட அட்லஸில் அது ஒரு பூச்சி எச்சம் அளவு.

கப்பல்கள் புறப்படப் போகின்றன. பையன் போவானா தெரியாது. அவன் மருத்துவப் பிரிவு. துப்பாக்கிக்காரனுக்குக் கட்டுப் போடுகிறவன்.

என் கோபத்தையும் எழுதி வைக்க வேண்டும். சின்ன வயதில் லூமுட்டில் கடற்படைக் கப்பலைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு உடுப்பு ஆசை. படித்தவன் பிள்ளை சிப்பாயாவதா, முடியாது என்றேன். 78-இல் தாதிப் படிப்புக்கு இங்கிலாந்து போனான். நிம்மதி என்றிருந்தேன். 80-இல் கடிதம்: பட்டாளத்தில் சேர்ந்துவிட்டேன் என்று. சேரப் போகிறேன் என்றல்ல. "இரண்டு வருஷமாகக் கிழவர்களுக்குப் படுக்கை மாற்றினேன் அப்பா. இங்கேயும் அதே வேலைதான், ஓடிக்கொண்டே மாற்ற வேண்டும்." ஆறு மாதம் நான் பதில் போடவில்லை. இன்னொருவன் நாடு, இன்னொருவன் ராணி. இவர்கள் தாத்தாக்கள் என் அப்பனைக் கப்பலில் ஏற்றி ரப்பர் வெட்ட வைத்தார்கள். இப்போது பேரனையும் கப்பலில் ஏற்றுவார்கள்.

ஆ சோங் சிற்றலை ரேடியோ வைத்திருக்கிறான். சாயங்காலம் வந்து லண்டன் செய்தி கேள் என்றான். அவன் பெண்டாட்டி எனக்குத் தனி நாற்காலி போட்டாள்.

14.4.82, புதன்

சித்திரை ஒன்று. வெயில் கொளுத்தல். தேர்தல் வேன்கள் ஒலிபெருக்கியோடு தெருவைச் சுற்றுகின்றன. ரு. பாயசம். வேப்பம்பூ கிடைக்கவில்லை, ஆ சோங் வீட்டுப் பாகற்காயை வறுத்துக் கசப்புக்கு வைத்தாள்.

செல்வன் கடிதம். ரு. முதலில் பிரித்துவிட்டாள். அதில்: "அப்பா அனுப்பிய பெயர் மாற்றப் பத்திரம் கிடைத்தது. எல்லாருக்கும் லீவு ரத்து. நேரம் கிடைத்ததும் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்."

அவள் படித்து முடித்து, கடிதத்தை மடித்து, கரண்டியைக் கீழே வைத்தாள். இருபத்தேழு வருஷத்தில் அவள் என்னிடம் குரல் உயர்த்தியது மூன்று தடவை. இது நான்காவது.

"என்ன காரியம் பண்ணியிருக்கீங்க? யாரக் கேட்டு?"

"அவனுக்கு நல்ல பேரு இருக்கு. அதைக் கூப்பிடட்டும்."

"நல்ல பேரு! சண்டைக்குப் போற பிள்ளைக்கு நல்ல பேரு எதுக்கு? உங்கம்மா மூணு பிள்ளைய மண்ணுக்குக் குடுத்துட்டு நாலாவதா உங்களப் பெத்தாங்க. குப்பை மேட்டுல கெடத்தி, அஞ்சலைக்குத் தூக்கிக் குடுத்து, தவுடு போட்டுத் திருப்பி வாங்கி, பிச்சைன்னு பேரு வச்சாங்க. எமன் வந்து பாத்தா, 'ச்சீ, பிச்சையா, இது எனக்கு எதுக்கு'ன்னு போயிருவான்னு. அம்பத்தோரு வருஷமாப் போய்க்கிட்டுத்தான இருக்கான்?"

"மூட நம்பிக்கை."

"உங்களுக்கு எல்லாமே மூட நம்பிக்கைதான். மலேரியாவுல உங்க லயத்து வீடுகள்ல ஏழு பிள்ளைங்க செத்துச்சு, நீங்க சாகல. ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் புடிச்சான், உங்கள விட்டுட்டான்."

"சின்னப் பையன்னு விட்டான்."

"உங்கள விடச் சின்னவன் போனான். பரமசிவம்."

உண்மை. பரமசிவம் போனான். பெரிய பெயர். திரும்பவில்லை.

பாயசம் சாப்பிடவில்லை இருவரும். பாகற்காய் மட்டும் தீர்ந்தது.

16.4.82, வெள்ளி

ரு. பேசவில்லை. தட்டு வைக்கிறாள், சத்தத்தோடு.

ஆங்கிலம் படித்தவன் நான். எமன் பெயரைப் படித்துப் பார்த்துத்தான் ஆளை எடுக்கிறானா என்று கேட்டால் சிரிப்பு வருகிறது. இருந்தாலும் ஒன்றை யோசித்தேன். இந்தப் பெயரை இத்தனை வருஷம் ஒரு அவமானமாக மட்டும் வைத்திருந்தேன். இதை வைத்தவள் எந்த நிலையில் வைத்தாள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. மூன்று குழி தோண்டிய பிறகு, ஒரு பிள்ளையாவது நிற்கட்டும் என்று, தன் கையில் இருந்ததையெல்லாம் போட்டு வாங்கியிருக்கிறாள். இருந்தது தவிடு.

அலுவலகத்திலிருந்து தந்தி அடித்தேன்: "கையெழுத்துப் போட வேண்டாம். அப்பா."

கிடைத்ததா தெரியாது.

13.5.82, வியாழன்

தந்தி, செல்வனிடமிருந்து: "இன்று கப்பல் ஏறுகிறோம். கவலை வேண்டாம். செல்வன்."

அவ்வளவுதான். என் தந்தி பற்றி ஒன்றும் இல்லை.

ரேடியோவில் சொன்னார்கள், பணக்காரர்கள் உல்லாசமாகப் போகும் கப்பலாம். மூவாயிரம் பேர் அதில். ஆ சோங்: "வா, யோர் சன் டிராவல் ஃபர்ஸ்ட் கிளாஸ்லா." நல்ல மனதோடு சொன்னான். நானும் சிரித்தேன்.

ரு. கோயிலில் அர்ச்சனை. ஐயர் பெயர் கேட்டாராம். "பிச்சை" என்று சொன்னாளாம். வீட்டுக்காரருக்கா என்றாராம். "ரெண்டு பேருக்கும்" என்றாளாம்.

இன்று எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். சூடாக. நன்றி என்று வாய் திறந்து சொல்லவில்லை, டம்ளரைக் கழுவி வைத்தேன். அவளுக்குப் புரியும்.

10.6.82, வியாழன்

குண்டு. சிப்பாய்களைக் கரையிறக்கிக்கொண்டிருந்த ஒரு கப்பலில். நிறையப் பேர் எரிந்துபோனார்கள் என்கிறது ரேடியோ. செத்தவர்களில் மருத்துவப் பிரிவுக்காரர்களும் உண்டு. பெயர் சொல்லவில்லை.

ஆ சோங் ரேடியோவை அணைத்தான். அவன் பெண்டாட்டி உள்ளே போய் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டு வந்தாள். 

ரு.விடம் சொல்லாமல் இருக்கலாம் என்று வந்தேன். வாசலில் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சொன்னேன்.

11.6.82, வெள்ளி

வக்கீல் லிம் தன் அறைத் தொலைபேசியைக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றார். கோலாலம்பூரில் வெள்ளைக்காரர் தூதரகத்தில் பேசினேன். ஒரு பெண். மரியாதையான குரல்.

"எந்தப் பெயரில் தேட வேண்டும், ஐயா?"

 ஐம்பத்தொரு வயது. எத்தனையோ பேருக்குப் பெயர் மாற்றிக் கொடுத்தவன். என் மகன் எந்தப் பெயரில் கப்பல் ஏறினான் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டையும் சொன்னேன். எழுத்துக்கூட்டிச் சொன்னேன். காத்திருந்தேன். இரண்டிலும் இல்லை, ஆனால் பட்டியல் இன்னும் முழுதாக வரவில்லை என்றாள். ஏதாவது என்றால் அவன் பதிவில் கொடுத்திருக்கும் வீட்டு முகவரிக்கு நேரே செய்தி போகும்.

எந்த முகவரி? பாஸ்போர்ட்டில் உள்ளது. தோட்டம். 79-இல் நாங்கள் விட்டு வந்த கிராணி வீடு.

அந்தப் பெண் வைப்பதற்கு முன், "என் தம்பியும் அங்கேதான் இருக்கிறான்" என்றாள். கடமைக்கு மேல் அவள் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

12.6.82, சனி

காலை பஸ், சிலிம் ரிவர். டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஒரு லாரிக்காரன் ஏற்றிக்கொண்டான்.

ரப்பர் இல்லை. எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. விற்று, துண்டு போட்டு, மறுபடி விற்று. மூன்று வருஷத்தில் அடையாளம் தெரியவில்லை. நான் துக்கப்படவில்லை. இருபத்தாறு வருஷம் என்னைச் சின்னக் கிராணியாகவே வைத்திருந்த மரங்கள். போகட்டும்.

ஆபீசில் ஒரு இளைஞன், ஜொகூர் பக்கத்து மலாய்க்காரன், என் பழைய மேசையில். விஷயம் கேட்டதும் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தான். தபால் பை, இழுப்பறை, அலமாரி எல்லாவற்றையும் கொட்டிக் காட்டினான். ஒன்றும் வரவில்லை. "ஏதாவது வந்தால் நானே ஈப்போவுக்கு மோட்டார் சைக்கிளில் வருகிறேன், பாக்சிக்" என்றான். பாக்சிக் என்றால் சித்தப்பா. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்த காலத்தில் வந்தவர்களுக்கு எழுந்து இடம் கொடுத்தேனா? ஞாபகம் இல்லை.

திரும்பும்போது கடைசி லயம், தொழிலாளர் வரிசை வீடுகள். நான்கு வீட்டில்தான் ஆள். ஒரு வாசலில் முறத்தோடு அஞ்சலை. எழுபது இருக்கும். என்னைத் தவிட்டுக்கு விற்றவள் இவள்தான்.

"யாருலா அது, வெள்ளச் சட்டை? ஓட்டுக் கேக்க வந்தியா? தேர்தல் முடிஞ்சிருச்சு."

"நான்தான் அக்கா. பிச்சை."

முறத்தை வைத்துவிட்டாள். "அட, நான் வித்த சரக்கு! ஒரு மொறம் தவுடுக்குப் போன. கோழிக்குப் போட்டேன், ரெண்டு நாளு தாங்கல. இன்னும் ஒரு மொறம் கேட்டிருக்கலாம்னு பின்னால தோணுச்சு, நீ கிராணியா வருவேன்னு யாரு கண்டா."

உள்ளே கூப்பிட்டாள். கறுப்புக் காப்பி. செல்வனைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். சண்டை என்றால் ஜப்பான்காரனா என்றாள். இல்லை, வேறு என்றேன். அங்கே அவனை என் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள் என்று சொன்னதும் தொடையில் தட்டிச் சிரித்தாள்.

"நீ வச்ச பேரு என் வாயிலயே நொழையாது, வெள்ளக்காரன் வாயில நொழையுமா? சரியாத்தான் பண்ணியிருக்கான். எமன் வந்து கேக்கட்டுமே, அது வித்துப்போச்சுலா, தவுட்டையும் கோழி தின்னுருச்சு, யாவாரம் முடிஞ்சுதுன்னு நான் சொல்லிக்கிறேன்."

பெயர் மாற்றப் பத்திரத்தைப் பற்றி அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

கிளம்பும்போது "ஏண்டா, இத்தன வருஷம் இங்கதான இருந்த, ஒரு நாளு இந்த வாசலுக்கு வந்தியா?" என்றாள். திட்டாகக் கேட்கவில்லை. காப்பி நன்றாக இருந்தது அக்கா என்று மட்டும் சொன்னேன். உண்மையில் நன்றாக இருந்தது.

15.6.82, செவ்வாய்

சண்டை முடிந்தது. வெள்ளைக்காரன் ஜெயித்தான். ஆ சோங் வேலிக்கு மேல் இரண்டு கையையும் தூக்கினான். நானும் தூக்கினேன், பாதி வரைக்கும்.

சாயங்காலம் கேட்டில் சத்தம். ராஜமாணிக்கம். ஆறு வருஷத்தில் முதல் தடவை. கையில் ஒரு கட்டு ரம்புத்தான் பழம், கறுத்துப்போனது, கடையில் விற்காதது. வயிறு பெரிதாகிவிட்டது, தலைமுடி இல்லை.

"மாப்ளே, உள்ள வரலாமா, இல்ல இப்படியே வாசல்ல நின்னு பேசிட்டுப் போகவா?"

 ரு. கேட்டைத் திறந்தாள்.

உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்: "செல்வன் போன் பண்ணுனா என் கடைக்குத்தான் பண்ணுவான். அவன்கிட்ட இருக்குற ஒரே நம்பரு அதுதான். நம்ம தெருவுல வேற யார்கிட்ட போன் இருக்கு, சொல்லுங்க. நீங்க ரெண்டு பேரும் சாயங்காலம் வந்து கடையில உக்காருங்க. நான் பேச மாட்டேன். நீங்களும் பேச வேணாம். போன் மட்டும் பேசட்டும்."

"பத்திரிகையில போடாத ஆளு கடையில உக்காந்தா பரவாயில்லையா?" என்றேன். வாயை அடக்க முடியவில்லை.

அவர் ரம்புத்தானைப் பார்த்தார். "சொல்லுங்க மாப்ளே. இன்னும் சொல்லுங்க. கேட்டுக்கிறேன். ஆனா கடைக்கு வந்து சொல்லுங்க, அங்க போன் அனாதையா இருக்கு."

கல்யாணப் பந்தலில் பேசிய அதே வாய்தான். மன்னிக்கவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு போனேன்.

20.6.82, ஞாயிறு

கடையில் ஆறாவது நாள். எனக்கு இடம் அரிசி மூட்டை. ரு.வுக்கு முக்காலி. ராஜமாணிக்கம் சொன்னபடி பேசுவதில்லை, எங்களோடு. மற்ற எல்லாரோடும் பேசுகிறார்.

"இது யாரு, புது கணக்குப்பிள்ளையா அண்ணே?"

"என் தங்கச்சி வீட்டுக்காரர்லா. மகன் பெரிய பட்டாளத்துல டாக்டர் மாதிரி."

டாக்டர் இல்லை. திருத்த நினைத்தேன், விட்டேன்.

தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் மூன்று பேருக்கும் தூக்கிப் போடுகிறது. மீன் கடைக்காரன், ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து நெத்திலி வந்ததா என்று. பருப்பு மொத்த வியாபாரி. தவறான எண். ரா.மா. ஒவ்வொன்றையும் இரண்டே வார்த்தையில் வெட்டி, "லைனை வையுங்க, முக்கியமான கால் வரணும்" என்று வைத்துவிடுகிறார். வியாபாரம் கெடுகிறது. கெடட்டும் என்கிறார்.

ரு. இன்று முக்காலியில் உட்கார்ந்தபடி புளியைக் கொட்டை நீக்கிக்கொடுத்தாள், அண்ணனுக்கு. மூன்று கட்டி. சம்பளம் இல்லாத வேலை.

27.6.82, ஞாயிறு

ஒன்றும் இல்லை.

சண்டை முடிந்து இத்தனை நாள். மற்றவர்கள் வீட்டுக்குத் திரும்பும் செய்தி ரேடியோவில். பாண்டு வாத்தியம், துறைமுகத்தில் பெண்கள் அழுகிறார்கள். நமக்கு நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. தோட்டத்து இளைஞனும் வரவில்லை. அவன் மோட்டார் சைக்கிள் தெருவில் வராத ஒவ்வொரு நாளுக்கும் நன்றி என்று சொல்லிக்கொண்டு படுக்கிறேன். யாரிடம் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

ரு. கேட்டாள்: "கையெழுத்துப் போட்டிருப்பானா?"

"தந்தி கிடைச்சிருக்கும்."

"கெடைக்கலன்னா?"

எமன் பத்திரமெல்லாம் படிக்க மாட்டான் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. எனக்கே இப்போது அது பெரிய விஷயமாக ஆகிவிட்டது.

கூரை சரி செய்தாயிற்று. ஆ சோங் தானே ஏறி, தானே தார் பூசி, காசு கொடுத்தபோது திட்டினான்.

4.7.82, ஞாயிறு

 ஒழுங்காக எழுத வேண்டும்.

பகல் முழுக்கப் புழுக்கம், மழை வரும் போல், வரவில்லை. ஐந்து மணி சுமாருக்குக் கடையில் கூட்டம். ரு. முக்காலியில். நான் மூட்டையில். ரா.மா. ஒரு கையில் சர்க்கரைப் பொட்டலம், நூல் வாயில். தொலைபேசி அடித்தது. அவர்தான் எடுத்தார்.

"யெஸ்? ... யெஸ், யெஸ், ஈப்போ. ... பிச்சை? பிச்சை ஹியர். சிட்டிங் ஹியர் ஒன்லி. ... நோ, நோ. ஹீ நாட் காலிங். ஹீ சிட்டிங் ஆன் ரைஸ். ... ராங் நம்பர்லா!"

வைத்துவிட்டார்.

"யாருண்ணே?" ரு.

"எவளோ ஆப்பரேட்டரு, பைத்தியம் புடிச்சவ. லண்டன்லேர்ந்து மிஸ்டர் பிச்சை கூப்பிடுறாராம், மிஸ்டர் பிச்சைகிட்டத்தான் பேசணுமாம். மாப்ள இங்க கண்ணு முன்னால மூட்ட மேல உக்காந்திருக்காரு, இவரு எப்ப லண்டனுக்குப் போயி..."

பேச்சு அங்கேயே நின்றது. வாய் திறந்தபடி. சர்க்கரைப் பொட்டலம் கவிழ்ந்து தரையெல்லாம் சர்க்கரை.

எல்லாரும் தொலைபேசியைப் பார்த்தார்கள். சர்க்கரை வாங்க வந்த பெண்மணிகூட.

ரு. முக்காலியிலிருந்து மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்து, "கையெழுத்துப் போடல" என்றாள்.

அப்போதுதான் எனக்குள் இறங்கியது. பிச்சை கூப்பிடுகிறான். கூப்பிடுகிறவன் உயிரோடு இருக்கிறான்.

ரா.மா. தலையில் அடித்துக்கொண்டார். "பாவி, வச்சுட்டனே! புள்ள அந்தப் பக்கம் நிக்கிறான், நான் வச்சுட்டனே! மாப்ளே, என்னைய அடிங்க. செருப்பால அடிங்க." கண்ணில் தண்ணீர். இருபத்தேழு வருஷமாக என் பெயரைச் சொல்லிச் சிரித்த மனிதர், அதே பெயரால் இப்படி ஆனார். இந்தக் காட்சிக்காக நான் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன். வந்தபோது சந்தோஷமே வேறு திசையில் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு. மூட்டையிலிருந்து எழ முடியவில்லை. "விடுங்க மச்சான்" என்றேன். "அவன் மறுபடி பண்ணுவான். பட்டாளத்துக்காரன்."

மச்சான் என்று கூப்பிட்டது ஆறு வருஷம் கழித்து என்று பிறகுதான் உறைத்தது.

காத்திருந்தோம். யாரும் சாமான் கேட்கவில்லை, யாரும் கடையை விட்டுப் போகவும் இல்லை. ஆ சோங்கை யாரோ கூட்டி வந்துவிட்டார்கள், பனியனோடு. தரையில் சர்க்கரையைத் தேடி எறும்பு வரிசை. ரா.மா. தொலைபேசியையே பார்த்துக்கொண்டு, தொடப் பயந்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அடித்தது.

"நீங்க எடுங்க மாப்ளே. நான் தொட மாட்டேன்."

எடுத்தேன். இரைச்சல், கடல் மாதிரி. பிறகு அந்த ஆப்பரேட்டர் பெண், பொறுமை போன குரல். யார் பேசுவது என்று கேட்டாள்.

"பிச்சை ஸ்பீக்கிங்" என்றேன். கடை முழுக்கக் கேட்கும்படி. தெருவுக்கும் கேட்டிருக்கும்.

அந்தப் பக்கத்திலும் ஒருவன் அதையே சொன்னான்.